வரைபடத்தில் சிவந்த வயல்: செயற்கைக்கோள் படம் உப்பைக் காட்டுமா?

தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான். காவேரிப்பட்டணம் பக்கம் அவர்கள் ஊர்ப் பரப்பு 600 ஏக்கர். கே.ஆர்.பி. அணையின் வாய்க்கால் தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்து பாய்கிறது. சில வயல்களில் வெயில் காலத்தில் வெள்ளையாகப் பூக்கிறது, நெல் திட்டுத்திட்டாகத் தீய்ந்து போகிறது. உழவர் குழுவுக்காக அவர் சென்டினல் செயற்கைக்கோளின் படத்தை எடுத்து, இணையத்தில் கிடைத்த 'உப்புக் குறியீட்டு' சூத்திரத்தைப் போட்டு வரைபடம் செய்திருக்கிறார். அதில் செக்கச்செவேலென்று வந்த வயல், சித்தப்பா போன போகம் நல்ல மகசூல் எடுத்த வயல். உண்மையிலேயே உப்புப் பூக்கிற இடமோ பச்சையாக வந்திருக்கிறது. "மண் மாதிரி எடுக்காமல் படத்தை மட்டும் வைத்துச் சரியான வரைபடம் போட முடியாதா ஐயா? நான் எங்கே தப்புப் பண்ணினேன்?"

தப்பு தம்பியுடையது அல்ல, அந்தச் சூத்திரத்தினுடையது. அதை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்த வேலையில் இறங்குகிற பாதிப்பேர் இங்கேதான் விழுகிறார்கள்.

செயற்கைக்கோள் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கிறது, ஒவ்வொரு பிரிவுக்கும் பட்டை என்று பெயர். அந்தக் குறியீடு எப்படிப் போடுகிறார்கள்? சிவப்புப் பட்டையின் எண்ணிலிருந்து அண்மை அகச்சிவப்பின் எண்ணைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கிறார்கள். பயிர்ப் பசுமைக்கு எல்லோரும் போடுகிற என்.டி.வி.ஐ. எப்படி? அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து அதே கூட்டுத்தொகையால் வகுப்பது. எழுதி வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே எண்தான். முன்னால் ஒரு கழித்தல் குறி மட்டும் கூடியிருக்கிறது. ஆக, தம்பி போட்டது உப்பு வரைபடம் இல்லை, 'அன்றைக்குப் பயிர் இல்லாத இடம்' என்கிற வரைபடம். சித்தப்பா அறுவடை முடித்து நிலத்தைக் காலியாக விட்டிருந்தார், அதனால் சிவந்தது. உப்புப் பூக்கிற வயலில் இப்போது என்ன நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் தென்னையாக இருக்கும். நெல் எடுபடாத வயலில் தென்னையை வைத்துவிடுவது நம் பக்கத்து வழக்கம். தென்னை உப்பை ஓரளவு தாங்கும். மேலிருந்து பார்த்தால் பச்சைப் பசேலென்றுதான் தெரியும், வேரடியில் என்ன ஏறியிருக்கிறது என்பது படத்துக்குத் தெரியாது.

இதற்கு அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பொருளும் ஒளியைத் தனக்கே உரிய அலைநீளத்தில் உறிஞ்சும். களிமண், சுண்ணாம்பு, ஜிப்சம் எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு கைரேகை இருக்கிறது. சாப்பாட்டு உப்புக்கு, அதாவது சோடியம் குளோரைடுக்கு, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அண்மை அகச்சிவப்பிலும் அந்தக் கைரேகை இல்லை. காய்ந்து பொருக்காக மேலே வந்தால் வெளேரென்று ஒளியைத் திருப்பி அடிக்கும், அவ்வளவுதான். செயற்கைக்கோள் பார்ப்பது அந்த வெளுப்பை அல்லது பயிரின் வாட்டத்தை. இரண்டுமே உப்பின் விளைவுகள், ஆனால் வேறு காரணங்களாலும் வரக்கூடியவை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்கிற நம் இரண்டு மாவட்டங்களிலும் வெளுப்பாகத் தெரிகிற பொருட்களை எண்ணிப் பாருங்கள். சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) கலந்த மேட்டு நிலம், வெங்கச்சங்கல் சிதறிய கொல்லை, கிரானைட் குவாரியும் அதன் தூளும், தக்காளிக்கும் மிளகாய்க்கும் விரித்த மல்ச்சிங் ஷீட், ஓசூர், தளி பக்கத்துப் பசுமைக்குடில்கள், அறுத்துப் போட்ட ராகித் தாள். பல வருஷத்துக்கு முன் ராயக்கோட்டை அருகே ஒரு பரப்பை வெளுப்பை மட்டும் வைத்து 'உப்பு நிலம்' என்று குறித்துக் கொடுத்தேன். நேரில் போனால் அது வெள்ளி நிற ஷீட் போட்ட தக்காளித் தோட்டம், ஓரத்தில் கொஞ்சம் வெங்கச்சங்கல். திருத்திய வரைபடம் உடனே அனுப்பினேன். ஆனாலும் அந்த அலுவலகத்தில் பழைய வரைபடம்தான் இரண்டு வருஷம் கோப்புக்குக் கோப்பு சுற்றியது. ஒரு நிலத்துக்கு 'களர்' என்று பேர் வைத்துவிட்டால் விலையிலும் கடனிலும் அது வந்து நிற்கும். அதனால் தம்பிக்கு ஒரு வேண்டுகோள்: நேரில் சரிபார்க்காத வரைபடத்தை சர்வே எண்ணோடு வாட்ஸ்அப்பில் போட வேண்டாம்.

பிக்சல், அதாவது படத்தின் ஒரு கட்டம், அதன் கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சென்டினல்-2-இன் நல்ல பட்டைகளில் ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டரை சென்ட். ஒரு ஏக்கருக்கு 40 பிக்சல் கிடைக்கும். கேட்க நிறைய மாதிரி இருக்கும், ஆனால் வரப்போரத் தென்னையும் வாய்க்காலும் கலந்த ஓரப் பிக்சல்களைக் கழித்தால் பாதிகூடத் தேறாது. குற்றலை அகச்சிவப்பு (ஷார்ட்வேவ் இன்ஃப்ராரெட்) பட்டைகள் 20 மீட்டர், ஒரு பிக்சல் பத்து சென்ட். லேண்ட்சாட் என்கிற அமெரிக்கச் செயற்கைக்கோளின் படம் 30 மீட்டர், ஒரு பிக்சலே 22 சென்ட். மாந்தோப்பென்றால் இன்னும் சிக்கல். பழைய முறையில் 33 அடி இடைவெளியில் வைத்த தோப்பில் ஒரு சென்டினல் பிக்சலுக்குள் ஒரு மரம், அதன் நிழல், காய்ந்த புல், வெறும் மண் எல்லாம் கலந்திருக்கும். தோப்புகளைத் தனியே பிரித்து வைத்துவிட்டு, வயல்களை மட்டும் முதலில் எடுங்கள். லேண்ட்சாட்டின் வெப்பப் பட்டை பயிர் வாட்டத்தைக் காட்டும் என்று படித்திருப்பீர்கள். அது 100 மீட்டர், இரண்டரை ஏக்கர் ஒரே புள்ளி. நம் துண்டு வயல்களுக்கு உதவாது. ராடார் படமும் ஈரத்துக்கும் உழவுக் கட்டிக்கும்தான் அதிகம் அசையும், இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இனி நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். நாம் எல்லாவற்றையும் 'உப்பு' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். நம் முன்னோர் உவர் என்றும் களர் என்றும் பிரித்துத்தான் சொன்னார்கள். உவர் என்றால் கரையும் உப்பு மிகுந்த மண். களர் என்றால் சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு, பி.எச். (அமில கார அளவு) எட்டரைக்கு மேல் போன மண். வைத்தியம் இரண்டுக்கும் வேறு வேறு. உவருக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும் போதும். களருக்கு வெறும் தண்ணீர் விட்டால் இன்னும் இறுகும். முதலில் ஜிப்சம் வேண்டும், அதன் பிறகுதான் தண்ணீரும் வடிகாலும். 1990-களில் செயற்கைக்கோள் படங்களையும் மண் ஆய்வையும் சேர்த்து நாடு முழுக்கப் போட்ட கணக்கில், தமிழ்நாட்டில் பாதித்த நிலம் சுமார் 3.68 லட்சம் ஹெக்டேர். அதில் ஏறத்தாழ 3.55 லட்சம் களர், உவர் வெறும் 13 ஆயிரம் சொச்சம். கடலோரம் இல்லாத நம் மாவட்டங்களில் களரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

களர் எப்போதும் வெளுப்பாகத் தெரியும் என்றும் இல்லை. சோடியம் கார்பனேட் மிகுந்தால் மண்ணிலுள்ள மக்கைக் கரைத்து மேலே கொண்டு வந்து கரியதாகப் பூசிவிடும். வெளுப்பைத் தேடுகிற எந்தக் குறியீடும் அந்த இடத்தை 'நல்ல கரிசல்' என்று காட்டிவிடும்.

இங்கே புளோரைடைப் பற்றியும் சொல்ல வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பிள்ளைகளின் பல்லில் காவிக்கறை படிவது எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. புளோரைடு மிகுந்த பாறைத் தண்ணீர் பெரும்பாலும் ஒரே சுபாவம் உடையது: சோடியமும் பைகார்பனேட்டும் அதிகம், கால்சியம் குறைவு. கால்சியம் இருந்தால் அது புளோரைடைப் பிடித்துக் கீழே படிய வைத்துவிடும், இல்லாததால்தான் புளோரைடு கரைந்தே நிற்கிறது. அதே தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சினால், பைகார்பனேட் மண்ணில் மிச்சமிருக்கும் கால்சியத்தையும் சுண்ணாம்பாக்கி முடக்கிவிட்டு, சோடியத்துக்கு இடம் விட்டுக் கொடுக்கும். பல்லில் கறை ஏற்றுகிற தண்ணீருக்கு வயலைக் களராக்கும் குணமும் இருக்கிறது. எந்த போரில் புளோரைடு அதிகம் என்று ஊரில் ஏற்கெனவே தெரிந்திருக்குமே, அந்த போர்களைச் சுற்றியுள்ள வயல்களை உங்கள் வரைபடத்தில் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் குறியீட்டையும் விட அது நல்ல தொடக்கம்.

உவரா களரா என்று வரப்பில் நின்றே கண்டுபிடிக்க ஒரு வழி. பாரூர் ஏரிக்குக் கீழே ஒரு வயலில் வயசான அம்மா ஒருவர் சொன்னார்: "இந்த மண்ணு தண்ணியக் குடிக்காதுங்க. நிக்குமே ஒழிய எறங்காது." ஒரு கண்ணாடி பாட்டிலில் அந்த மண்ணைக் கால் பங்கு போட்டு, பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கி வரப்பில் வைத்தோம். பக்கத்து வயல் மண்ணை இன்னொரு பாட்டிலில் அதே மாதிரி. நாங்கள் மோர் குடித்து முடிப்பதற்குள் பக்கத்து வயல் பாட்டில் மேலே தெளிந்துவிட்டது. அந்த அம்மாவின் வயல் மண் மறுநாள் காலையிலும் டீ மாதிரிக் கலங்கியே நின்றது. களிமண் துகள்களை சோடியம் ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பிரித்து வைத்துவிடுகிறது, அதனால்தான் படியவில்லை. அப்படிப் பிரிந்த துகள் மண்ணின் துவாரங்களை அடைத்துக்கொள்வதால்தான் தண்ணீர் இறங்குவதில்லை. அந்த அம்மா ஆய்வகத்துக்கு முன்பே அதைச் சொல்லிவிட்டார். கிணற்றுத் தண்ணீரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அதிலிருக்கும் உப்பே துகளைப் படிய வைத்து ஏமாற்றும்.

அப்படியானால் படத்தால் என்ன பயன்? மிகப் பெரிய பயன் இருக்கிறது, ஆனால் ஒரு நாள் படத்தில் இல்லை. பல வருஷப் படத்தில் இருக்கிறது.

ஒரு வயலில் ஒரு போகம் பயிர் மோசமானால் பூச்சி, தாமதமான நடவு, தண்ணீர் தட்டுப்பாடு, ஆள் கிடைக்காதது என்று நூறு காரணம். அடுத்த வருஷம் அது மாறும். உப்பும் களரும் அப்படி வருஷத்துக்கு வருஷம் இடம் மாறாது. ஆகவே ஐந்தாறு வருஷத்தில் ஒவ்வொரு பிக்சலும் எட்டிய மிகச் சிறந்த பசுமையை மட்டும் எடுத்து வரைந்தால், நல்ல வருஷத்திலும் தலைதூக்காத இடங்கள் தனியே நிற்கும். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில், பாசன நிலங்களின் வேரடி உப்பை மதிப்பிட இந்த யோசனையைத்தான் லேண்ட்சாட் படங்களோடு பயன்படுத்தினார்கள். நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. கே.ஆர்.பி. பாசனத்தில் இரண்டாம் போகம் பச்சை கட்டி நிற்கிற மார்ச் மாதத்தில் வானம் பெரும்பாலும் மேகமில்லாமல் இருக்கும். சென்டினல் ஐந்து நாளைக்கு ஒருமுறை வருவதால் ஒவ்வொரு வருஷமும் நாலைந்து தெளிவான படம் கிடைக்கும். இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் விடாத வருஷங்களை மட்டும் விலக்குங்கள். 2017 நவம்பர் கடைசியில் அணை மதகு உடைந்து தண்ணீர் போனதே, அதற்கடுத்த போகத்தைச் சேர்ப்பதற்கு முன் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதிலும் நம் ஊருக்கென்று ஒரு கண்ணி உண்டு. எல்லா வருஷமும் பயிர் நலிந்து நிற்பது அடியில் ஒன்றரை அடியிலேயே பாறை இருப்பதாலும் இருக்கலாம். படத்தில் இரண்டும் ஒரே மாதிரி. உயர வரைபடம் கொஞ்சம் கை கொடுக்கும்: மேட்டில் நலிந்தால் பாறையை நினையுங்கள், பள்ளத்தில், ஏரிக்கும் வாய்க்காலுக்கும் கீழே ஊறல் அடிக்கிற இடத்தில் நலிந்தால் உப்பை நினையுங்கள். முடிவு மண்வெட்டி கையில்தான்.

வெறும் மண்ணின் வெளுப்பையும் பார்க்க வேண்டுமென்றால் நாள் தேர்வு முக்கியம். உப்பு கீழிருந்து ஈரத்தோடு ஏறி, ஈரம் ஆவியான பிறகு மேலே தங்கும். ஒரு மழை விழுந்தால் கரைந்து இறங்கிவிடும். மானாவாரிக் கொல்லைக்கும் போர் பாசனத்துக்கும் மாசி, பங்குனி நல்லது. வாய்க்கால் பாசன நெல் வயலுக்கு இரண்டாம் போகம் அறுத்த பிறகு, முதல் போகத் தண்ணீர் வருவதற்கு முன், கோடை மழை விட்டு ஏழெட்டு நாள் நல்ல வெயில் காய்ந்த ஒரு நாளைப் பிடிக்க வேண்டும். உங்கள் பழைய வரைபடத்தின் படம் எந்தத் தேதி என்று பாருங்கள், அதற்கு முந்தின வாரம் மழை பெய்ததா என்றும் பாருங்கள்.

படம் இறக்குவதில் இரண்டு எச்சரிக்கை. 2022 ஜனவரி 25-இலிருந்து சென்டினல்-2 எண்களில் 1000 கூட்டித் தருகிறார்கள். அதைக் கழிக்காமல் பழைய படத்தோடு ஒப்பிட்டால் ஊரே ஒரே ராத்திரியில் வெளுத்த மாதிரித் தெரியும். செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலசும் கூகுள் எர்த் எஞ்சினில் இதைச் சரிசெய்த தொகுப்பு தனியே இருக்கிறது, அதையே எடுங்கள். இன்னும் பின்னோக்கிப் போக லேண்ட்சாட் இருக்கிறது, 1980-களின் படங்களும் இலவசம். ஆனால் லேண்ட்சாட்-7 படங்களில் 2003 மே மாதத்துக்குப் பிறகு கோடுகோடாக இடைவெளி விழும்.

இனி மண் மாதிரி. 600 ஏக்கரையும் தோண்டச் சொல்லவில்லை. பல வருஷப் படத்தை வைத்துப் பரப்பை மூன்றாகப் பிரியுங்கள்: எப்போதும் நலிந்தது, சில வருஷம் நலிந்தது, எப்போதும் செழித்தது. மூன்றிலும் எடுக்க வேண்டும். சந்தேகப்பட்ட இடத்தில் மட்டும் எடுத்தால், படம் சரியா தப்பா என்று தெரியவே தெரியாது. மொத்தம் 40 இடம் போதும். ஒவ்வொரு இடமும் வரப்பிலிருந்து 20 மீட்டராவது உள்ளே இருக்கட்டும். 20 மீட்டர் சதுரத்தில் நான்கு மூலை, நடு என்று ஐந்து குழி வெட்டி, அரை அடி ஆழ மண்ணை ஒன்றாகக் கலந்து அரைக் கிலோ எடுங்கள். அடுத்த அரை அடியைத் தனிப் பையில். பத்து இடத்திலாவது இரண்டு அடி வரை போய்ப் பாருங்கள், சுக்கான் பாவியிருந்தால் கடப்பாரையே சொல்லிவிடும். போன் ஜி.பி.எஸ். நாலைந்து மீட்டர் பிசகும், இந்த வேலைக்கு அது பரவாயில்லை.

ஆய்வகத்தில் இ.சி., அதாவது கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்தும் திறன், அது மட்டும் கேட்டால் போதாது, பி.எச்.-சும் கேளுங்கள். சந்தேகமான இடங்களுக்கு மாற்றுச் சோடிய விகிதமும் (மண்ணோடு ஒட்டியிருக்கும் சோடியத்தின் பங்கு) ஜிப்சம் தேவையும் கேளுங்கள். விகிதம் 15 சதவீதத்தைத் தாண்டினால் களர். இ.சி.யில் ஒரு குழப்பம் வரும். புத்தகத்தில் '4 டெசிசீமனுக்கு (இ.சி.யின் அலகு) மேல் உவர்' என்றிருப்பது மண்ணைக் குழம்பாக்கிப் பிழிந்த சாற்றுக்கு. நம் மண் பரிசோதனை நிலையங்கள் பொதுவாக ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு, இரண்டரைப் பங்கு தண்ணீர் கலந்து அளக்கின்றன, அதில் எண் குறைவாகத்தான் வரும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்துவிட்டு 'எங்கள் ஊரில் உப்பே இல்லை' என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த முறையில் அளந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

முடிவு வந்ததும் 40-இல் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றதை வைத்துப் படத்துக்கும் மண்ணுக்கும் உறவைப் போடுங்கள். ஒதுக்கியவற்றை வைத்துச் சோதியுங்கள். அங்கொன்று இங்கொன்றாக ஒதுக்க வேண்டாம், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒரே மாதிரி இருப்பதால் விடை பொய்யாக நன்றாக வரும். ஒரு முழு மடையின் வயல்களை மொத்தமாக ஒதுக்குங்கள். சோதனையில் தோற்றால், எண்ணாக வரையாமல் 'போய்ப் பார்க்க வேண்டிய இடம்' என்று மட்டும் வரையுங்கள். அதுவே உழவர் குழுவுக்குப் போதுமான வரைபடம்.

கடைசியாகத் தண்ணீர். இ.சி. 2 உள்ள போர் தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.28 கிராம் உப்பு. ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் நிற்கப் பாய்ச்ச ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும், அதோடு 130 கிலோ உப்பு வயலுக்குள் போகிறது. ஒரு போகத்தில் 20 அங்குலம் பாய்ச்சினால் இரண்டரை டன்னுக்கு மேல். வடிகால் இல்லாவிட்டால் அது அங்கேயேதான் இருக்கும். சொட்டுநீர் போட்ட தக்காளிப் பாத்தியில் ஈரம் முடிகிற விளிம்பில் வெள்ளையாக வளையம் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், இந்த உப்புதான் அது. அந்த ஒரு சாண் வளையத்தை எந்தச் செயற்கைக்கோளும் பார்க்காது. அதனால் மண் பைகளோடு ஊரின் ஒவ்வொரு போரிலிருந்தும் ஒரு பாட்டில் தண்ணீர், வாய்க்காலின் தலைமடையிலும் கடைமடையிலும் ஒவ்வொரு பாட்டில், எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். தண்ணீரில் மிஞ்சும் சோடியம் கார்பனேட் அளவையும் கேளுங்கள். லிட்டருக்கு இரண்டரை மில்லி சமானத்தைத் தாண்டின போர் எது என்று தெரிந்ததும் படத்தை மறுபடி திறந்து, அந்த போர் பாய்கிற வயல்களும் எப்போதும் நலிந்த பிக்சல்களும் ஒன்றா என்று வைத்துப் பாருங்கள். அப்போது கிடைக்கிற விடையோடு எழுதுங்கள் தம்பி, எந்த வயலுக்கு ஜிப்சம், எதற்கு வடிகால் என்று உட்கார்ந்து பேசலாம்.